ஈசிஜி நார்மல், அப்புறம்?

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நோய், எனக்கும் என் தம்பிக்கும். சென்னை ஆலந்தூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். நோய் தலைகாட்டியதும் ஏறத்தாழ ஒரே வருடத்தில்தான். ஆனால் அவனை இருதய நோயாளியாக நடத்தினார்கள், என்னை வாயுத் தொல்லைக்காரியாக நடத்தினார்கள். அவனுக்குத் தேவைக்கு மேல் பரிசோதனை நடந்தது. எனக்கு எடுத்திருக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் சீட்டிலும் ஒரே பெயரைத்தான் எழுதினார்கள்: பேனிக் டிஸார்டர், காரணமில்லாமல் திடீரென்று பயம் பொங்கித் திரும்பத் திரும்ப வரும் நோய்.

இது ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஹார்மோன், பரம்பரை, வளர்ந்த விதம் என்று பல காரணம் பேசுகிறார்கள். அந்த விவாதத்தை மருத்துவர்களிடம் விட்டுவிடுகிறேன். வந்த பிறகு வீடும் தெருவும் ஆஸ்பத்திரியும் ஆம்பளையை ஒரு பக்கமும் பொம்பளையை இன்னொரு பக்கமும் எப்படித் தள்ளுகின்றன என்பதை ஒரே குடும்பத்துக்குள் பார்த்திருக்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பது அதுதான்.

எனக்கு முதலில் வந்தது சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில், பஸ்ஸுக்குள். தேனாம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். மார்ச் மாதக் கெடுபிடி. காலையில் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். பாலத்து மேல் வண்டி நகரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல், நெஞ்சு திடுக்கென்று ஒரு அடி அடித்தது. அடுத்த நொடி படபடவென்று ஓட ஆரம்பித்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு அடிவரை போகவில்லை. உதட்டைச் சுற்றி மரத்துப்போனது. பிறகு இரண்டு கை விரல்களும் தாமாக உள்பக்கம் மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் இறுகிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை. செத்துப்போய்விடுவேனோ என்ற சந்தேகமெல்லாம் அப்போது வராது. செத்துக்கொண்டிருக்கிறோம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நிச்சயமாக இருக்கும்.

"வலிப்புப்பா, வலிப்பு! சாவி இருந்தா குடுங்க!" என்று யாரோ கத்த, நாலு பக்கமிருந்தும் சாவிக்கொத்து நீண்டது. மடங்கிய விரல்களுக்கு நடுவில் ஒருவர் தன் பைக் சாவியைத் திணித்தார். பிள்ளையார் தொங்கும் சாவிக்கொத்து. (நிஜமாகவே வலிப்பு வந்தவருக்கும் இரும்பைக் கொடுத்துப் பலன் ஒன்றும் கிடையாது. பெரும்பாலான வலிப்பு சில நிமிடத்தில் தானாக நிற்கும், பெயர் சாவிக்குப் போகும்.) பாலம் இறங்கியதும் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். ஒரு அம்மா கூடவே இறங்கி, ஆட்டோ பிடித்து, ஒரு கிளினிக்கில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

அங்கே டாக்டர் நாடியைத் தொடும் முன்பே கேட்டார்: "வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா? மாமியாரோட சண்டையா?" இல்லை என்றேன். "அப்ப கேஸ்தான். டைமுக்குச் சாப்பிடுங்க." ஒரு ஊசி, ஒரு வாயு மருந்து. பேனிக் சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாக இறங்கும். கிளினிக் பெஞ்சில் நம் முறை வரும்வரை உட்கார்ந்திருக்கும்போதே பாதி இறங்கிவிடுகிறது. அதனால்தான் இந்த ஊரில் இத்தனை ஊசிக்கும், ஓமத் தண்ணிக்கும், மந்திரித்துக் கட்டிய கயிற்றுக்கும் கைராசி என்று பெயர் வந்திருக்கிறது.

விரல் மடங்கியதற்குக் காரணம் எனக்குத் தெரியவந்தது ரொம்ப நாள் கழித்து. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது உடம்பிலிருந்து கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கொஞ்சம் கூடுகிறது. அதனால் ரத்தத்தில் தனித்து இருக்கும் கால்சியம் குறைகிறது, நரம்புகள் தூண்டப்பட்டு உதடு மரத்து விரல் இழுக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சற்றுச் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது, சுற்றி நடப்பதெல்லாம் கனவில் நடப்பதாகத் தெரிகிறது. மூச்சே கிடைக்கவில்லை என்று நாம் தவிக்கும் நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் முழுசாக இருக்கிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு நாள் அந்தத் தவிப்பில் விரலை விட்டுப் பார்த்தேன், 99 காட்டியது. மெஷின் ரிப்பேர் என்று தூக்கிப்போட்டேன்.

இனி தம்பி கதை. அவன் கால் டாக்ஸி ஓட்டுகிறான். ராத்திரி ஏர்போர்ட் சவாரி. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறி வளையும் இடத்தில் நெஞ்சைப் பிசைந்திருக்கிறது. எப்படியோ இறக்கி ஓரம் கட்டிவிட்டு எனக்கு போன் பண்ணினான். "அக்கா, இடது கை இழுக்குதுக்கா. பாப்பாவ பாத்துக்க." குழந்தைக்கு அப்போது மூன்று வயது. பின்சீட்டில் இருந்த பயணி நல்ல மனுஷன், ஃப்ளைட்டைப் பற்றிக் கவலைப்படாமல் நாங்கள் போய்ச் சேரும்வரை கூட நின்றார்.

தனியார் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே ஈசிஜி எடுத்தார்கள். இதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. முதல்முறையாக நெஞ்சு வலி என்று வரும் யாருக்கும் இருதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேனிக்கா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நான் எழுதுவதைப் படித்துவிட்டுச் சொல்லவே கூடாது. ஈசிஜி நார்மல். இருதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டுமுறை பார்த்தார்கள், நார்மல். எக்கோவும் நார்மல். அதற்குமேல் போனதில்தான் எனக்கு வருத்தம். ஐசியூ, பிறகு "எதுக்கும் ஒரு ஆஞ்சியோ பண்ணிடலாம், சின்ன வயசு, ரிஸ்க் எடுக்க வேணாம்." தம்பி மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பெரிய டாக்டர் தோளில் தட்டி, "ஹார்ட் பக்கா. டென்ஷன் ஆகாதீங்க, நிம்மதியா போங்க" என்றார்.

அவன் நிம்மதியாகப் போகவில்லை. உனக்கு என்ன இல்லை என்று சொன்னார்களே தவிர, என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரமே ராத்திரி தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பியது. தூக்கத்திலும் பேனிக் வரும், கெட்ட கனவு எதுவும் தேவையில்லை. வேறு ஆஸ்பத்திரி, வேறு ஈசிஜி. அந்தப் பழுப்பு ஃபைல் தடித்துக்கொண்டே போனது. ஸ்டாண்டில் ஒரு நண்பர் சார்பிட்ரேட் மாத்திரையைக் கொடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொள், வலித்தால் நாக்குக்கு அடியில் வை என்றிருக்கிறார். அது ரத்தக் குழாயை விரித்துப் பிரஷரை இறக்கும் மாத்திரை. இதயத்தில் கோளாறு இல்லாத இவன் போட்டுக்கொண்டு, தலை வெடிப்பதாகச் சொல்லி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். அதையும் மாரடைப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

வீட்டில் எங்கள் இருவருக்கும் கிடைத்த அறிவுரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். என்னிடம் என் வீட்டுக்காரர் சொன்னது: "எதுக்கு இந்த அலைச்சல்? வேலையை விட்டுடு. வீட்டோட இரு." அம்மா சொன்னது: "பயந்த கோளாறு. தர்காவுல மந்திரிச்சிட்டு வந்தா சரியாயிடும். தனியா எங்கயும் போகாத." அதே அம்மா தம்பியிடம்: "ஆம்பளப் புள்ள, இப்படிக் கைய கால உதறிக்கிட்டு உக்காந்தா குடும்பம் என்னாகும்? வண்டிய எடு, எல்லாம் தானா சரியாப்போகும்."

என்னை வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதுதான் விஷம். பஸ்ஸில் வந்ததா, பஸ் வேண்டாம். கூட்டத்தில் வந்ததா, ரங்கநாதன் தெரு வேண்டாம். லிஃப்ட், சினிமா தியேட்டர், கல்யாண மண்டபத்தில் நடு வரிசை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் அப்பாடா என்றிருக்கும். அந்த அப்பாடாதான் மூளைக்குப் போகும் பாடம்: அங்கே போயிருந்தால் செத்திருப்பாய், நல்லவேளை தப்பித்தாய் என்று அது எழுதிவைத்துக்கொள்ளும். இப்படி வீட்டுக்குள் ஒடுங்கிப்போவதற்கு அகோராஃபோபியா என்று பெயர். அதிலும் பெண்களின் எண்ணிக்கைதான் அதிகம். எங்கள் பக்கத்தில் வீட்டோடு இருக்கும் பெண்ணை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. அடக்கமான பெண் என்கிறார்கள். கடைக்குப் போகக்கூடப் பையனைத் துணைக்குக் கூப்பிடும் எத்தனை பெண்களுக்கு இது இருக்கும் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

தம்பிக்குத் தவிர்க்கும் வசதி கிடையாது. வண்டி ஓடினால்தான் ட்யூ கட்ட முடியும். அவன் கண்டுபிடித்த வழி டாஸ்மாக். ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டால் நெஞ்சு அடங்குகிறது, தூக்கம் வருகிறது. மது இறங்கும் விடியற்காலையில் நரம்பு மண்டலம் எதிர்ப்பக்கம் துள்ளும். கை நடுங்கும், படபடப்பு முந்தின நாளைவிட அதிகமாக வரும். அதற்கு மறுபடி குவார்ட்டர். பேனிக் உள்ள ஆண்களிடம் குடிப்பழக்கம் சேர்ந்துகொள்வது மருத்துவர்களுக்குப் பழக்கமான சங்கதி. வீட்டில் எல்லோருக்கும் குடி மட்டும்தான் தெரிந்தது. அதோடு கோபம். பாப்பா டம்ளரைக் கீழே போட்டால் தாண்டவம் ஆடினான். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வராத ஆண்களுக்குக் கோபம் சுலபமாக வருகிறது. அதைத் திமிர் என்று திட்டினோமே தவிர, மருந்து தேவைப்படும் விஷயமாக யாரும் பார்க்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டியில் இருந்த இளம் டாக்டர். ஃபைலைப் புரட்டிவிட்டு மூடினார். "அண்ணா, எவ்ளோ நேரத்துல உச்சத்துக்குப் போகுது? அது வராத நேரத்துல எப்ப வரும் எப்ப வரும்னு யோசிச்சுட்டே இருக்கீங்களா?" என்று இரண்டு கேள்விதான் கேட்டார். தம்பி அழுதுவிட்டான். கூட நின்ற எனக்கும் அடிவயிறு கலங்கியது. இரண்டாவது கேள்வி என்னைக் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் நோயின் அடையாளமே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் கையேட்டில் பேனிக் தாக்குதலுக்கு 13 அறிகுறி கொடுத்திருக்கிறார்கள். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுமுட்டல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், தலைசுற்றல், மரத்துப்போதல், குளிர் அல்லது அனல், எதுவும் நிஜமில்லை என்ற உணர்வு, பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம், செத்துவிடுவோமோ என்ற பயம். இவற்றில் நாலாவது சேர்ந்து திடீரென்று பொங்கினால் அது பேனிக் தாக்குதல். வாழ்க்கையில் ஒருமுறை இப்படி வந்துபோனவர்கள் ஏராளம், அது நோய் ஆகாது. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வந்து, மறுபடி வந்துவிடுமோ என்ற கவலையோ, அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்குமேல் நீடித்தால்தான் பேனிக் டிஸார்டர் என்கிறார்கள். எப்போதும் எதையாவது நினைத்துக் குமைந்துகொண்டே, தூக்கம் கெட்டு, கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது வேறு வகைப் பதற்ற நோய். அதற்கு ஆறு மாதக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த டாக்டர் எழுதிக்கொடுத்தது மனநலப் பிரிவுக்கு. "கீழ்ப்பாக்கமா?" என்றான் தம்பி. சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஊர்ப் பெயரே இங்கே வசவு. அங்கே இருப்பது 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன் 1961-ல் பொறுப்பேற்று நடத்திய இடம். அங்கே வெளிநோயாளர் பிரிவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம், யாரும் பிடித்து அடைத்துவிட மாட்டார்கள் என்பது கூப்பிடு தூரத்தில் இருக்கும் நமக்கே தெரியாது. சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தம்பிக்கு அந்தப் பெயர் கொடுத்த கூச்சத்தால் அப்படி ஒரு மருத்துவமனைக்குத்தான் போனோம்.

மனநல மருத்துவர் அவன் பாஷையிலேயே பேசினார். தீபாவளிக்குத் தெருவில் அணுகுண்டு வெடித்தால் நிறுத்தியிருக்கும் காரெல்லாம் சைரன் அடிக்கிறதே, எந்தக் காரையாவது யாராவது திருடினார்களா? சைரன் வேலை செய்கிறது, அளவுக்கு மேல் கூர்மையாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். மாடிப்படி ஏறினாலோ வெறும் வயிற்றில் காபி குடித்தாலோ எல்லோருக்கும் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். பேனிக் உள்ளவர் அதை 'அட்டாக்' என்று படித்துக்கொள்கிறார். பயம் அட்ரினலினைக் கொட்டுகிறது, நெஞ்சு இன்னும் ஓடுகிறது, பார்த்தாயா அட்டாக்தான் என்று உறுதியாகிறது. டேவிட் கிளார்க் என்ற பிரிட்டன் உளவியலாளர் 1986-ல் இந்தச் சுழலை விளக்கி எழுதினார். இன்று பேனிக்குக் கொடுக்கும் பேச்சு சிகிச்சை பெரும்பாலும் இதை வைத்துத்தான் நடக்கிறது.

நானும் அவரிடமே காட்டினேன். எனக்கு முதலில் அவர் செய்தது ரத்தப் பரிசோதனை. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இதே படபடப்பு, நடுக்கம், வியர்வை வரும். ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு ஓடும், மூச்சு வாங்கும். இரண்டும் பெண்களுக்கு அதிகம். எனக்கு தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 8-க்குப் பக்கத்தில் நின்றது. இத்தனை கிளினிக்கில் ஒருவர்கூட ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை! மாதவிலக்குக்கு முந்தின வாரம் அதிகமாகிறதா, குழந்தை பெற்ற பிறகு இப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டார். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் திடீரென்று உடம்பு அனலாகி வியர்த்துக் கொட்டும். அதற்கும் பேனிக்குக்கும் குழப்பம் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும் என்றார். பிரசவத்துக்குப் பிறகு பேனிக் தொடங்கும் பெண்களும் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கு மருந்தே கிடையாது என்று வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். பொருத்தமான மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் சொல்லித்தான் கேட்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்துவதும் கூடாது.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். மாரடைப்பு அவர்களுக்குப் பல சமயம் சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. தாடை வலி, மேல்முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி என்று வரும். சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்களை 'கேஸ்', 'டென்ஷன்' என்று அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். "எனக்கு ஈசிஜி எடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

சிகிச்சைக்கு வருகிறேன். எங்கள் இருவருக்கும் கொடுத்தது பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிட்டலோப்ராம் வகை மாத்திரை, முதலில் மிகக் குறைந்த அளவில். முதல் ஒன்றிரண்டு வாரம் பதற்றம் கூடலாம், வயிறு கலங்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாரத்திலேயே குப்பையில் போட்டிருப்பேன். பலர் அப்படித்தான் போடுகிறார்கள். பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். குணமான பிறகும் பல மாதம், பெரும்பாலும் ஒரு வருடம்போல, சாப்பிடச் சொல்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தாம்பத்திய ஆசை குறைவது இதன் பக்கவிளைவுகளில் ஒன்று. ஆண்கள் இதனால் சத்தமில்லாமல் மாத்திரையை விட்டுவிடுவார்கள், பெண்களிடம் யாரும் கேட்பதுகூட இல்லை. இரண்டு பேருமே டாக்டரிடம் சொல்லலாம். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

அல்ப்ராஸோலம், குளோனாஸெபம் வகை மாத்திரை வேறு. அரை மணியில் அடக்கிவிடும், அதனாலேயே ஆபத்து. தொடர்ந்து போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். எனக்கு முதல் சில வாரத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தினார். தம்பிக்குக் கொடுக்கவே இல்லை, குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். மருந்துக் கடையில் தெரிந்த பையன் இருக்கிறான் என்று சீட்டில்லாமல் வாங்கிப் போடுபவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மாத்திரை பாதி. மீதியைச் செய்தது உளவியலாளர் அறையில் இருந்த ஒரு சுழல் நாற்காலி. உட்காரவைத்து, கிறுகிறுக்கும்வரை சுற்றிவிட்டார். அடுத்து ஜூஸ் ஸ்ட்ரா வழியாக மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடச் சொன்னார். பிறகு நின்ற இடத்திலேயே ஓட்டம். நான் பயந்து நடுங்கிய அதே தலைசுற்றலையும் மூச்சுமுட்டலையும் வேண்டுமென்றே வரவழைத்து, வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்கே காட்டும் பயிற்சி. (இருதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் இருப்பவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) முதல் நாள் அழுதேன். சில வாரம் கழித்து, நாற்காலி நின்றதும், "இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

பிறகு வெளியே. பஸ்ஸை விட எனக்கு அப்போது பயம் மெட்ரோ. ஆலந்தூரிலிருந்து ஏறினால் சின்னமலை வரை வெளிச்சம், மரம், மொட்டைமாடி எல்லாம் தெரியும். சின்னமலை தாண்டியதும் ரயில் தலையைத் தாழ்த்திச் சுரங்கத்துக்குள் இறங்கும், ஜன்னலில் நம் முகம் மட்டும் தெரியும். அந்த இடத்தை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும். முதலில் பிளாட்ஃபாரத்தில் சும்மா உட்காருவது. அப்புறம் கிண்டி வரை போய்த் திரும்புவது. அப்புறம் சின்னமலை. அப்புறம் சைதாப்பேட்டை. வந்தால் இறங்கி ஓடக்கூடாது, அது உச்சத்துக்குப் போய் வடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. கையில் தண்ணீர் பாட்டில், பையில் மாத்திரை, காதில் வீட்டுக்காரர் போன் என்று கவசம் போட்டுக்கொண்டு போனால் மூளை அந்தக் கவசத்துக்குத்தான் பெயர் கொடுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். பாட்டிலைக் கடைசியில்தான் விட்டேன். சென்னை வெயிலில் பாட்டில் இல்லாமல் போவது என்ன சிகிச்சையோ என்று இன்றும் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு.

தம்பிக்கு இதே பாடம் கத்திப்பாராவில். ஞாயிறு விடியற்காலை, காலி வண்டியில், ஏறி இறங்கி, ஏறி இறங்கி. சட்டைப் பையிலிருந்த சார்பிட்ரேட் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போன அன்றைக்குப் பயந்துகொண்டேதான் போனான், முடித்துவிட்டு வந்து இட்லி கேட்டான். குடியை விடத்தான் கூடுதல் நாள் பிடித்தது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து, அதற்கும் டாக்டர் வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு: "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள், பயப்படாமல் இருக்கத் தெரிந்தால் இருந்திருப்போம். சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையிலோ காகிதப் பையிலோ மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையிலேயே இருதயமோ நுரையீரலோ பழுதாக இருந்தால் அது உயிருக்கு உலை. பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாத குரலில், "இழுக்கறத விடு, மெதுவா ஊது, இன்னும் மெதுவா" என்று சொன்னால் போதும். என் வீட்டுக்காரர் இதில் தேறிவிட்டார். வேலையை விடச் சொன்ன மனுஷன், இப்போது நான் லீவு போடப் பார்த்தால் செருப்பை எடுத்து வாசலில் வைக்கிறார்.

1871-ல் ஜேக்கப் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடப்பும் மூச்சுத் திணறலுமாக வந்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார். இதயத்தில் பழுது தெரியவில்லை, ஆனாலும் அதை இதயக் கோளாறாகவே எழுதினார். அதே நூற்றாண்டில் இதே தவிப்போடு போன பெண்கள் பலருக்கு ஹிஸ்டீரியா முத்திரை விழுந்தது. பேனிக் டிஸார்டர் தனி நோயாக அமெரிக்கக் கையேட்டில் ஏறியது 1980-ல்தான். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, சைதாப்பேட்டை கிளினிக்கும் தம்பி படுத்திருந்த ஐசியூவும்தான் ஞாபகம் வந்தது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கொடுப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன, பேனிக்கோ வெளிநோயாளர் வியாதி. மாதாமாதம் டாக்டர் ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகலாம், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416, டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

தம்பிக்கு இப்போது ஸ்டாண்டில் ஒரு புதுப் பெயர் கிடைத்திருக்கிறது, 'டாக்டர்'. வேறு ஸ்டாண்ட் டிரைவர்கள்கூட ராத்திரி பத்து மணிக்குமேல், குரலைத் தாழ்த்திக்கொண்டு போன் பண்ணுகிறார்கள். "தல, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது, யார்ட்டயும் சொல்லிடாத." அவன் எல்லோரிடமும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறான்: "ஈசிஜி எடுத்தியா? மொதல்ல போய் எடு. நார்மல்னு வந்தா நாளைக்கு நான் கூட வரேன்." இதுவரை சிலரைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறான். ஆனால் அந்த டிரைவர்களின் வீட்டுப் பெண்கள் ஒருவர்கூட இன்னும் கூப்பிடவில்லை. அவர்களில் யாருக்குமே இது இல்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. அதனால் போன வாரம் அவனிடம் சொல்லிவைத்தேன், யாராவது பேசினால், "உன் வீட்டம்மாவுக்கு இந்த மாதிரி ஏதாவது இருக்கா, எங்கக்கா நம்பர் தரேன்" என்று நீயாகவே கேள் என்று. "கேட்டா அடிக்க வருவானுங்கக்கா" என்கிறான். கேட்டுப் பார்க்கட்டும்.